தாங்கு நடை

மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போவதற்குள் கோகிலா பதினொரு நடைகளைக் கொன்றிருந்தாள். கொல்வது என்றுதான் அந்த அலுவலகத்தில் சொல்வார்கள். பொன்னூர் என்கிற ஆன்லைன் விளையாட்டிலிருந்து ஒரு சட்டையையோ மீசையையோ கொண்டையையோ எடுத்துவிட வேண்டியிருந்தால் ‘அதைக் கொன்னுடலாம்’ என்பார்கள், அப்புறம் டீ குடிக்கப் போவார்கள். ஒரு மீசையை எடுப்பதற்கு இவ்வளவு பெரிய வார்த்தை எதற்கு என்று சேர்ந்த புதிதில் நினைத்தவள்தான், இப்போது அவள் வாயிலும் அதுவே வருகிறது. வாத்து நடை, போலீஸ் நடை, மாமியார் நடை, கல்யாண மாப்பிள்ளை நடை. பொன்னூருக்குள் நுழைகிறவர்கள் தங்கள் உருவத்துக்கு மூக்கு, முடி, உடுப்பு எல்லாம் பொறுக்கி எடுத்த பிறகு கடைசியாக நடையையும் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பகுதி முழுக்க அவள் பொறுப்பு. இன்று நள்ளிரவோடு பழைய பொன்னூர் போய்ப் புதுசு வருகிறது. புது உருவங்களுக்கு எலும்பே வேறு, பழைய நடை எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு நடைக்கும் ஓர் ஆள் உடம்பெல்லாம் கருவி கட்டிக்கொண்டு பெங்களூரு ஸ்டுடியோவில் நடந்து காட்ட வேண்டும், அதைப் பிடித்துத்தான் புதிதாகச் செய்ய வேண்டும். அதனால் நிறையப் பேர் எடுத்த நடைகளை மட்டும் முன்பே பிடித்து வைத்திருந்தார்கள், அவைதான் தப்பிக்கும். மற்றவர்களுக்கு நாளை காலை தானாகவே சாதாரண நேர் நடை வந்துவிடும். தாங்கு நடையை அவள் முதலிலும் எழுதவில்லை, கடைசியிலும் எழுதவில்லை. வாத்துக்கும் குடிகாரனுக்கும் நடுவில், கண்ணில் பட்டும் படாமலும் போகும்படி எழுதி, மேலாளர் ஹரிஹரனுக்கு அனுப்பிவிட்டு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். தயிர்சாதம் தொண்டையில் இறங்கியது. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

தாங்கு நடை ராசுவுடையது. யுவராஜ் என்பதெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வைத்த பெயர், சொந்த ஊரான கோபியில் வீட்டிலும் தெருவிலும் அவன் ராசுதான். அவளுக்கு நாலு வயது இளைய தம்பி. பிறக்கும்போதே இடது கால் கொஞ்சம் குட்டை. நடக்கும்போது இடது தோள் இறங்கும், ஒரு நொடி அப்படியே நிற்கும், பிறகு என்னவோ ஞாபகம் வந்தவன் போல வலது கால் வெடுக்கென்று முன்னால் போகும். அந்த ஒரு நொடியைப் பிடிப்பதற்குத்தான் சிபி படாத பாடு பட்டான், உருவங்களை நடக்க வைப்பது அவன் வேலை. ‘இவ்வளவு நேரம் நின்னா பொம்மை மாட்டிக்கிச்சுன்னு நினைப்பாங்கக்கா’ என்றான். மாட்டிக்கொண்டதுதான், விடு என்றாள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோபியில் மொட்டை மாடியில் அவனை நடக்கவிட்டுப் போனில் படம் எடுத்தாள். அம்மா அரிசி வடகம் காயப்போட்டிருந்தாள், வடகத் துணிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் இருந்த சந்தில் போய்ப் போய் வந்தான். ‘எப்படிக்கா நடக்கணும்?’ ‘நீ நடக்கறாப்புல நடடா.’ ‘நான் நடக்கறாப்புல நடன்னு நீ சொன்னதுக்கப்புறம் எனக்கு நடக்கவே வரமாட்டேங்குது.’ இருவரும் சிரித்துச் சிரித்து, அவள் கை ஆடி, பாதிப் படம் வானமாகத்தான் வந்தது. வடகத்தின் சீரக வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது, இந்த ஏசி அறையில், யாரோ ஆரஞ்சு உரிக்கும் வாசனைக்கு அடியில். அப்போது அப்பா மேலே வந்தார். ‘இத எதுக்குப் படம் புடிக்கற?’ என்றார். ஆட்டத்துக்குப்பா என்றாள். ‘ஆட்டத்துக்கா’ என்றவர் அதற்கு மேல் ஒன்றும் பேசாமல் இறங்கிப் போய்விட்டார். படியில் அவர் செருப்புச் சத்தம் ஒரே சீராகக் கேட்டது, வலது இடது, வலது இடது. டிரில் வாத்தியாரின் செருப்பு.

நாச்சிமுத்து வாத்தியார் என்றால் கோபியில் இன்றைக்கும் அம்பது வயது ஆட்கள் முதுகை நிமிர்த்துவார்கள். விசிலை வாயில் வைத்துக்கொண்டே பேசுவார், பேச்சு முழுக்கக் காற்றாக வரும், அப்படியும் எல்லோருக்கும் புரியும். எத்தனை பையன்களை மாவட்டம், மாநிலம் என்று ஓட அனுப்பியிருக்கிறார். சாயங்காலம் விளையாட்டு நேரத்தில் வகுப்பே மைதானத்துக்குப் போகும், ராசுவும் போவான். அவனுக்கு வேப்பமரத்தடி. ஓடுகிற பையன்கள் கழற்றிப் போட்ட வாட்சுகளும் செருப்புகளும் சட்டைகளும் அவன் முன்னால் குவிந்திருக்கும், அதைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. ‘டேய், எல்லாத்தையும் பத்திரமாப் பாத்துக்க’ என்பார் அப்பா, ஏதோ பெரிய பொறுப்பைக் கொடுக்கிற மாதிரி. ராசுவும் அதைப் பெரிய பொறுப்பாகவே எடுத்துக்கொண்டான், அதை நினைத்தால்தான் கோகிலாவுக்கு வயிறு எரிகிறது. ஒரு நாளாவது முறைத்திருக்கலாம், ஒரு செருப்பையாவது தூக்கிக் கிணற்றில் போட்டிருக்கலாம். அப்பா கெட்டவரில்லை. கெட்டவராக இருந்திருந்தால் கோபப்பட்டுவிட்டுப் போயிருக்கலாம். பையனைத் தூக்கிக்கொண்டு எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை எண்ணெய், பழனிக்கு எத்தனை தடவை. நேராக நடக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. சாமியிடம் அவர் வேறு எதையும் கேட்டதில்லை.

இன்று காலையில்கூட ஹரிஹரன் சொன்னார், ‘தானே மூக்கு வெச்சவன் போகமாட்டான்.’ அவருடைய வேதவாக்கு அது, காபி மெஷினுக்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியும் வைத்திருக்கிறார். ஆனால் அந்த வாக்கியம் ராசுவிடமிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. முதல் வருஷத்தில் பொன்னூருக்கு ஆட்கள் வருவார்கள், ரெண்டு நாள் சுற்றிப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். ஹரிஹரன் தலையைப் பிய்த்துக்கொண்டார், பிய்த்துக்கொள்ள அங்கே அதிகம் இல்லை என்பது வேறு விஷயம். ராசுவும் அப்படித்தான், எந்த ஆட்டத்திலும் ஒரு வாரம் தாங்கமாட்டான். எல்லாத்துலயும் ஒரே மாதிரி ஓடறானுங்கக்கா, பாத்தா எனக்கு மூச்சு வாங்குது என்பான். தாங்கு நடை வந்த அன்று காலையில் உட்கார்ந்தவன் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. வகிடு எந்தப் பக்கம், காது எவ்வளவு விலகி இருக்க வேண்டும், நீலக் கட்டம் போட்ட சட்டையில் மேல் பொத்தான் இருக்கக் கூடாது. ‘அக்கா, இடது செருப்பு மட்டும் தடியா வேணும், போட்டுக் குடு.’ போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவன் வேறு ஆட்டம் பக்கம் திரும்பவில்லை. அவள் அவனைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். ‘ஒரு பயனர்’ என்று பெயர் சொல்லாமல் மீட்டிங்கில் அவனை வைத்துப் பேசினாள். ஆயத்த உருவத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தவர்கள் போய்விடுகிறார்கள், உட்கார்ந்து தன்னைத் தானே செய்துகொண்டவர்கள் இருந்துவிடுகிறார்கள், பார்த்துப் பார்த்து வைத்த மூக்கை விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மனசு வருவதில்லை என்றாள். அதற்கப்புறம்தான் மூக்குகள் பெருகின, கொண்டைகள் பெருகின, பொன்னூர் நிரம்பியது, அவளுக்குத் தனி அறை வந்தது. ‘என் காலை வெச்சுப் பொழைக்கறீங்க, பிரியாணியாவது வாங்கிக் குடு’ என்றான் ராசு. வாங்கிக் கொடுத்தாள். போகமாட்டான் என்று சுவரில் எழுதியிருக்கிறது. போன ஐப்பசியில் டெங்கு வந்து, நாலைந்து நாளில் போய்விட்டான். இப்போதெல்லாம் அவள் காபியைக் கீழே போய்க் கடையில் குடிக்கிறாள்.

அவன் போன பிறகு பொன்னூருக்குள் அவள் ஒரு தடவைகூட இறங்கவில்லை. வேலையெல்லாம் வெளியிலிருந்தே செய்யலாம், தையற்கடைக்காரன் கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று கட்டாயமா என்ன. ஆனால் இன்று, சாப்பிட்டுவிட்டு வந்ததிலிருந்து கை சும்மா இருக்கவில்லை, நாலு மணிக்கு மேல் தாங்கவும் முடியவில்லை. நடையை ஒரு தடவை பார்த்துவிடலாம். யாராவது எங்கேயாவது அதைப் போட்டுக்கொண்டு திரியலாம், கேலிக்காவது. இல்லாவிட்டால் தானே போட்டுக்கொண்டு பத்தடி நடந்து பார்த்துவிட்டு வந்துவிடலாம். நாளைக்கு இருக்காது. செத்தவன் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கச் சொல்வார்களே, அன்றைக்கு அவள் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெண்டு கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள், ரெண்டு பாதமும் ஒரே அளவில் இருப்பது போலத் தெரிந்தது, யாரோ போர்வையை இழுத்துச் சரி பண்ணியிருந்தார்கள். யார் அது. அப்பாவாகத்தான் இருக்கும். அதைப் பற்றி நினைக்கக் கூடாது என்றுதான் வேலைக்கு வந்தது, வேலையிலும் அதுதான் வருகிறது. அலுவலகத்து ஆட்கள் யார் கண்ணுக்கும் தெரியாமல் பொன்னூருக்குள் உலவலாம். அப்படித்தான் இறங்கினாள், பேய் மாதிரி. கடைத்தெருவில் நல்ல கூட்டம். புது ஊர் வரப் போகிறது என்று ஆளாளுக்குப் பழைய வீட்டின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வளையல் கடை, கரும்புச்சாறு வண்டி, இளநீர் வண்டி. இளநீர் வண்டிக்கு அந்தப் பக்கம் சுவரை ஒட்டி ஒரு தோள் இறங்கியது. நின்றது. வெடுக்கென்று முன்னால் போனது.

அவள் கை மவுஸை விட்டுவிட்டது. நீலக் கட்டம், மேல் பொத்தான் இல்லை. விலகிய காது. தலைக்கு மேலே பெயர், ‘ராசு கோபி’.  அவளுக்கு வந்தது பயம்தான், வேறு பெயர் வைத்துப் புண்ணியமில்லை. இவ்வளவு நாள் அவன் இங்கேதான் நடந்துகொண்டிருந்தானா, நாங்கள்தான் எரித்துவிட்டு வந்து காரியம் பண்ணிச் சாப்பிட்டோமா. பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரிகிறது, தெரிந்தும் பக்கத்து மேஜையைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பிறகு புத்தி வந்தது, எவனோ திருடன். செத்தவர்கள் கணக்கைத் திருடி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் திருடன் இப்படியா நடப்பான், திருடன் முதலில் உடுப்பை மாற்றுவான், இந்த நடையைத் தூக்கி எறிவான். பின்னாலேயே போனாள். அவன் தெருவின் நடுவுக்கு வரவே இல்லை. சுவர் ஓரமாக, கடைகளின் படியை உரசிக்கொண்டு, மெதுவாக. ராசு அப்படி நடப்பவன் இல்லையே. ராசு பொன்னூரில் நட்ட நடுத்தெருவில்தான் நடப்பான், வண்டிக்காரர்கள் ஒதுங்கிப் போவார்கள். எதிரே ஒரு கல்யாண ஊர்வலம் வந்தது, ஜிகினாவும் மேளமுமாகப் பத்துப் பதினைந்து உருவங்கள். அவன் நின்றான். இப்படியும் அப்படியும் தடுமாறினான், யாரோ பொத்தான்களைத் தேடித் தேடி அமுக்குவது தெரிந்தது. பின்வாங்கி, ஒரு பூந்தொட்டிக்குப் பின்னால் போய், இடது கால் மறைகிற மாதிரி நின்றுகொண்டு, முகத்தை நேராக வைத்து, ஊர்வலம் போகும்வரை விறைப்பாகக் காத்திருந்தான்.

பூந்தொட்டி. அவளுக்கு அது போதும். வீட்டில் இருக்கிற ஆல்பம் பூராவும் பூந்தொட்டிதான். பூந்தொட்டி இல்லாத இடத்தில் நாற்காலி, நாற்காலி இல்லாத இடத்தில் கோகிலா. போட்டோக்காரன் ரெடி என்பதற்குள் அப்பா வந்து ராசுவின் தோளைப் பிடித்து ரெண்டடி நகர்த்துவார். ‘சாமி, அக்காவுக்குக் கொஞ்சம் பின்னால வா.’ அவள் கல்யாணத்தில் வாழைமரம். யாரும் எதையும் சொன்னதில்லை, குடும்பமே அதற்குப் பழகியிருந்தது, கேமராவைக் கண்டால் கால் தானாக ஒளிந்துகொள்ளும். இந்த உலகத்தில் ராசுவை அப்படி நிறுத்தி வைக்க ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அப்பா. போனில் ஒரு மெசேஜைத் திறக்கவே அம்மாவைக் கூப்பிடுகிற அப்பா. ராசுவின் அறைக்குள் போய், கம்ப்யூட்டரைப் போட்டு, எந்தப் பொத்தான் எதற்கு என்று தானே தடவித் தடவிக் கற்றுக்கொண்டு, பையனைக் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். யார் பார்ப்பார்கள் என்று பயந்துகொண்டு. இங்கே எவனுக்காவது தலைக்குப் பதில் பலாப்பழம் இருந்தால்கூட ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அது அவருக்குத் தெரியவில்லை. அவர்தான் அன்றைக்குக் கத்தினார். ராசு நடையைத் தேர்ந்தெடுத்த அன்று சாயங்காலம் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, ‘ஏண்டா, இத்தன நடை வெச்சிருக்கறாங்க, அங்கியாச்சும் நேரா நடக்கக் கூடாதா’ என்றார். கத்தினார் என்று சொல்வதுகூடச் சரியில்லை, கெஞ்சினார், கெஞ்சத் தெரியாததால் கத்தலாக வந்தது. ராசு திரும்பாமலே சொன்னான், ‘நேரா நடந்தா அது நானில்லயேப்பா.’ அப்பா ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அதே நடை, அதே தடிச் செருப்பு. மாற்றுவதற்கு ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், பொத்தான் கண் எதிரே இருக்கிறது, அவர் தட்டவில்லை. நாளைக்குத் தானாகவே மாறிவிடும். நான் எழுதிக் கொடுத்துவிட்டேன், வாத்துக்கும் குடிகாரனுக்கும் நடுவில்.

எழுந்து ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும், நாற்காலி பின்னால் உருண்டு போய்ச் சுவரில் இடித்தது. ஹரிஹரன் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். ‘ஒரு நடையைத் திரும்ப வைக்கணும் சார்.’ ‘எது?’ சொன்னாள். ‘எத்தனை பேர் அதுல இருக்காங்க?’ பொய் சொல்லியிருக்கலாம். ‘ஒருத்தர்’ என்று வந்தது. அவர் கிண்டலாகக்கூடச் சிரிக்கவில்லை, நல்ல மனுஷர். ‘ஒருத்தர் போனாப் போகட்டும் கோகிலா. லிஸ்ட் மத்தியானமே பெங்களூர் போயிடுச்சு. அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்’ என்றார். அடுத்த வெர்ஷன் என்றால் எப்போது என்று அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒருத்தர் போகமாட்டார் சார் என்று சொல்ல வாயெடுத்தாள், சொல்லி என்ன ஆகப் போகிறது. சிபி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான், பின்னாலேயே வந்தான். பழைய படத்தை வைத்து ஏதாவது பண்ண முடியுமா என்றாள். புது எலும்புக்கு ஆள்தான் நடக்க வேண்டும், படத்தை வைத்து ஆகாது என்றான். அந்த ஆள் யார் என்று அவனுக்குத் தெரியாது, அவள் சொன்னதே இல்லை. ‘இதுக்கு ஏன்க்கா கவலைப்படறீங்க, நானே ஸ்டுடியோவுல நடந்து குடுத்துடறேன். எனக்கு அந்த நடை மனப்பாடம்’ என்று சொல்லிக்கொண்டே, அங்கேயே, கம்பளத்தின் மேல், இடது தோளை இறக்கி, நின்று, காலை வீசி நடந்து காட்டினான். கண்ணியமாகத்தான் செய்தான், உதவி செய்கிறவன் முகம்தான் அது. ஓரத்தில் ரெண்டு பெண்கள் நிமிர்ந்து பார்த்துப் புன்னகை செய்தார்கள். கோகிலாவுக்குப் பள்ளிக்கூட வாசல் ஞாபகம் வந்தது, ராசுவுக்குப் பின்னால் வரிசையாக அவனைப் போலவே நடந்து வந்த பையன்கள், அவன் திரும்பினால் எல்லோரும் நேராக நிற்பார்கள். ‘வேண்டாம் சிபி’ என்றாள். ‘ஏன்க்கா, சரியா வரலையா?’ அந்த ஒரு நொடி வரவில்லை. வந்திருந்தாலும் வேண்டாம். தனக்குக் கோபமில்லை என்று அவனுக்குத் தெரியும்படி அவன் தோளைத் தட்டிவிட்டுத் தன் இடத்துக்கு வந்தாள்.

திரையில் அவன் கடைத்தெருவைத் தாண்டியிருந்தான். எங்கே போகிறார் இவர். ஆற்றுப் பாலம், தோப்பு, அப்புறம் மைதானம். பொன்னூரில் தினமும் சாயங்காலம் ஓட்டப் பந்தயம் உண்டு, யார் வேண்டுமானாலும் கோட்டில் போய் நிற்கலாம். நடை என்பது பார்வைக்கு மட்டும்தான், எந்த நடை எடுத்தாலும் வேகம் ஒன்றுதான் என்று அந்தக் காலத்திலேயே அவள் சண்டை போட்டு வாங்கியிருந்தாள். ராசுவிடம் அதைச் சொன்னபோது ‘அப்ப நான் ஜெயிச்சாலும் ஜெயிப்பேனா’ என்றான், சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் பந்தயத்துக்கு அவன் போனதில்லை. ஓரத்து மரத்தடியில் நின்று பார்ப்பான். இப்போது கோட்டில் வரிசையாக நிற்கிறார்கள், அவர்களுக்கு நடுவில் நீலக் கட்டம். ஓரத்தில் இல்லை, நடுவில். விசில் கேட்டது. எல்லோரும் பறந்தார்கள். அவன் நடந்தான். ஓடுவதற்கு இன்னொரு பொத்தானையும் சேர்த்து அமுக்க வேண்டும், அப்பாவுக்கு அது தெரியவில்லை, இல்லை தெரிந்தே அமுக்கவில்லையோ. மற்றவர்கள் ஓடி முடித்து, குதித்துக் கும்மாளமிட்டுக் கலைந்தும் போய்விட்டார்கள். காலி மைதானத்தில் அவன் மட்டும் தோள் இறங்கி, நின்று, போய்க்கொண்டிருந்தான், வெள்ளைக் கோட்டுக்கு உள்ளேயே, ஒரு அடி பிசகாமல். வளைவில் திரும்பும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள், எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. அவன் நடப்பதைப் பார்க்க எத்தனையோ நாள் இருந்தபோது வேப்பமரத்தடியில் உட்கார வைத்தீர்களேப்பா. உயிரோடு இருக்கும்போது ஒரு ரவுண்டு, கையைப் பிடித்து ஒரே ஒரு ரவுண்டு கூட்டிக்கொண்டு போயிருந்தால் யார் குடி முழுகிப் போயிருக்கும். அவர் மேல் கோபம் வந்தது, கோபத்தோடேயே போனை எடுத்து வீட்டு நம்பரைப் போட்டாள்.

அம்மாதான் எடுத்தாள். ‘உங்கொப்பனா? மாடில ராசு ரூம்ல இருக்கறாரு கண்ணு. நாலு மணியானாப் போயிருவாரு, கதவச் சாத்திக்குவாரு. நான் கேக்கறதில்ல. அழுதுட்டு வரட்டும்னு உட்டர்றது’ என்றாள். பிறகு படியேறுகிற மூச்சு, கதவு தட்டுகிற சத்தம், ‘ஏனுங்க, கோகிலா பேசறா.’ வளைவைத் தாண்டிய இடத்தில் நீலக் கட்டம் நின்றது.

‘சொல்லு கண்ணு.’

‘என்னப்பா பண்றீங்க?’

‘ஒண்ணுமில்ல, சும்மா உக்காந்திருக்கறேன்.’

‘அவன நடு மைதானத்துல நிறுத்தாதீங்கப்பா.’

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் வந்தது. ராசு அறை மின்விசிறி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை கிறீச்சிடும்.  திட்டிவிடலாம் என்றுதான் கூப்பிட்டாள், சேர்த்து வைத்த அத்தனையும் நாக்கு நுனியில் இருந்தது, மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது, ஒன்றையும் சொல்ல வரவில்லை.

‘நீ பாத்துட்டு இருக்கறயா?’ என்றார்.

‘பாக்கறேம்ப்பா.’

‘தெனமும் ஒரு ரவுண்டு, அவ்வளவுதான். யாரும் ஒண்ணுஞ் சொல்றதில்ல கண்ணு. பாக்கறதுகூட இல்ல, அவங்கவங்க பாட்டுக்குப் போறாங்க. நாந்தான் இத்தன வருசம்...’ அங்கே நிறுத்தினார். விசில் இல்லாமல் அவர் குரல் இவ்வளவு மெலிசு என்று அவளுக்குத் தெரியாது.

சொல்லியாக வேண்டும். நாளைக்குச் சாயங்காலம் அவர் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும்போது தெரிந்தால் அதைவிடக் கொடுமை. ‘அப்பா, இன்னைக்கு ராத்திரி ஆட்டத்த மாத்தறாங்க. நாளைலருந்து ராசு நேரா நடப்பான்’ என்றாள். பழனி மலைப்படி அத்தனையும் ஏறி இவர் கேட்டது இதுதான். முருகன் தராததைத் தன் கையால் தருகிறாள் கோகிலா, இதோ. ‘நாந்தாம்ப்பா அந்த நடைய எடுத்துட்டேன். யாரும் போடறதில்லைன்னு நெனச்சுட்டேன். கேட்டுப் பாத்தேன், திரும்ப வெக்க முடியாதுங்கறாங்க.’

 அவர் அவளைத் திட்டியிருந்தால் தேவலை. திரையில் ராசு அசையாமல் நின்றான், யாரோ ஒரு உருவம் அவனைக் கடந்து ஓடிப் போனது.

‘நேரா நடந்தா அது ராசு இல்லயே கண்ணு’ என்றார் அப்பா.

அது யார் சொன்ன வார்த்தை என்று அவருக்கு ஞாபகம் இருந்ததா என்று அவளால் கேட்க முடியவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். வெளியே யாரோ டீ வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள்.

‘இன்னைக்கு எது வரைக்கும் இருப்பான்?’

‘பன்னண்டு மணி வரைக்கும்ப்பா.’

‘அப்ப போன வெச்சுரு. ஒரு கைல வெச்சுட்டு அவனக் கூட்டிட்டுப் போக முடியல. இன்னுங் கொஞ்சம் நடத்திக் கூட்டிட்டு வந்தர்றேன்.’

போன் வைக்கப்பட்டது. கோகிலா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது தோள் இறங்கியது, ஒரு நொடி நின்றது, வலது கால் முன்னால் போனது. முடிகிற கோட்டைத் தாண்டிய பிறகும் அப்பா நிறுத்தவில்லை, அடுத்த ரவுண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.